கூலி என்றால் இடைநீக்கம், தேவடியா என்றால் எச்சரிக்கை: டர்பன் கோயில் ஒன்றில் நடந்த விசாரணை

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, ஒரு காலத்தில் முழுக்கக் கரும்புத் தோட்டமாக இருந்த பகுதியில் உள்ள அம்மன் கோயில் அது. தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தகரக் கூரை போட்டுத் தொடங்கினார்கள். இன்று மண்டபம், பெரிய சமையற்கூடம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் இருக்கிறது. நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். சம்பவம் நடந்தபோது அதில் பெண்கள் இருவர்தான். அவர்களில் ஒருவர் பொருளாளர். நாற்பதைத் தாண்டியவர், கணக்குத் துறையில் வேலை பார்ப்பவர். அந்தப் பொறுப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு தரப்பு முன்னாள் தலைவர். எழுபதை நெருங்கியவர், முப்பது ஆண்டுக்கு மேல் கோயிலுக்கு உழைத்தவர், இப்போதும் குழு உறுப்பினர். அந்த உழைப்பை விசாரணையில் யாரும் மறுக்கவில்லை, விசாரித்த மூவரில் ஒருவராக இருந்த நானும் மறுக்கவில்லை.

கோயிலுக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் உண்டு. 2018இல் எழுதியவை. அந்த ஆண்டு மார்ச்சில் விக்கி மோம்பர்க் என்ற பெண், கறுப்பினக் காவலர்களை நோக்கி மறுபடி மறுபடி இனவசை சொன்னதற்காக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டது. நாடெங்கும் அதுதான் பேச்சு. எங்கள் குழுவும் உட்கார்ந்து விதி எழுதியது. நான்காம் விதி: இனம், மதம், சாதி, பிறப்பிடம் பற்றிய இழிசொல் சொன்னால் ஓராண்டு இடைநீக்கம். ஐந்தாம் விதி: பண்பற்ற பேச்சுக்கு எழுத்து மூல எச்சரிக்கை. நான்காம் விதிக்கு எடுத்துக்காட்டாக இரண்டு சொற்களைக் குறித்திருந்தார்கள். ஒன்று கறுப்பின மக்களைக் குறிக்கும், இந்த நாட்டில் அச்சில்கூட முழுதாக எழுதாத அந்தச் சொல். மற்றது இந்தியரை இழித்துச் சொல்லும் 'கூலி'.

'பெண்' என்ற சொல் இரண்டு விதியிலும் இல்லை. எழுதும்போது யாருக்கும் தோன்றவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

சம்பவம்

ஆடி மாதம், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய மாலை. சமையற்கூடத்தில் இருபது பேர் வரை இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சிறு பிள்ளைகள் சிலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் போட்டவருக்கு அன்றே முன்பணம் தர வேண்டும் என்று முன்னாள் தலைவர் காசோலையோடு வந்தார். ஒருவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பொருளாளரின் கையெழுத்து வேண்டும். மூன்று இடத்தில் விலை கேட்டு எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர். "தாத்தா, போன வருஷமும் இதே ஆளு, இதே தொகை. ரசீது எங்கேயும் காணோம்" என்று மெதுவாகத்தான் சொன்னதாகச் சாட்சிகள் அனைவரும் கூறினர்.

அவர் குரலை உயர்த்தினார்: "நீ யாரு எங்கிட்ட கணக்கு கேக்க, தேவடியா?"

கூடத்தில் சத்தம் நின்றுவிட்டது. வெங்காயம் உரித்த பிள்ளை ஒருத்தி அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். "தமிழ்ல கெட்ட வார்த்தை" என்று தாய் சொன்னார். பொருளாளர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். காசோலையில் வேறொருவர் கையெழுத்துப் போட, பந்தல் போட்டாயிற்று.

முதல் ஆறு வாரம்

முறைப்பாடு இரண்டாம் நாளே எழுத்தில் வந்தது. விசாரணைக் குழு அமைய ஆறு வாரம் ஆயிற்று. இடையில் நடந்தது சமாதானப் பேச்சு. பெரியவர், கோபத்தில் வாய் தவறிவிட்டது, கோயில் விஷயம் வெளியே போகக் கூடாது என்று பொருளாளர் வீட்டுக்கு நான்கு பேர் போய் வந்தார்கள். போன நால்வரும் ஆண்கள். அவரது கணவர் அவர்களிடம் ஒரு வாக்கியம் சொன்னார்: "என் வைஃப் அப்படிப்பட்டவ இல்லைன்னு அவர் எல்லார் முன்னாடியும் சொன்னா போதும்."

நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தை. ஆனால் பொருளாளர் அதை ஏற்கவில்லை. ஏன் என்பது விசாரணையில்தான் எங்களுக்குப் புரிந்தது.

அந்த ஆறு வாரத்தில் சமையல் பணிக்கு வந்துகொண்டிருந்த இளம்பெண்கள் மூவர் வருவதை நிறுத்திக்கொண்டனர். காரணம் கேட்டபோது இருவர் படிப்பு என்றார்கள். மூன்றாமவர் மட்டும், "நாளைக்கு நான் ஏதாவது கேட்டா எனக்கும் அதே பேருதானே" என்றார்.

விசாரணையில் கண்டது

குழுவில் மூவர்: ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த பெண்மணி, தமிழ் வகுப்பு நடத்தும் நான்.

முதல் அமர்வின் நடவடிக்கைக் குறிப்பில் செயலாளர் 'கெட்ட வார்த்தை' என்று எழுதியிருந்தார். பொருளாளர் அந்த இடத்தைத் திருத்தச் சொன்னார். "என்ன வார்த்தைன்னு எழுதுங்க. எழுதாம விட்டா நாளைக்கு 'முட்டாள்'னு சொன்னார்னு ஆயிடும்." எழுதினோம். இந்தக் கட்டுரையிலும் அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

முன்னாள் தலைவர் சொன்னதை மறுக்கவில்லை. அவர் தரப்பு வாதங்கள் நேர்மையானவை, தெருவில் எல்லோரும் சொல்பவையும்கூட. கோபத்தில் யாரையும் சொல்வதுதான்; அர்த்தம் நினைத்துச் சொல்லவில்லை. மாட்டைக்கூட அப்படித் திட்டியிருக்கிறார் அப்பா. பெண்களே ஒருவரையொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கடைசியாக, அவருக்கு மிக முக்கியமாகப் பட்டது: "கூலின்னா நம்ம எல்லாரையும் சேர்த்து அடிக்குது. இது ஒருத்தியைச் சொன்னது. எல்லாப் பெண்ணையும் நான் சொல்லலையே."

பொருளாளர் தரப்பில் அவரது மாமியார் பேச வந்தார், எண்பதுக்கு மேற்பட்டவர். மருமகளின் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தார். அவர் தொடங்கும் முன் பொருளாளர் எழுந்து, "ஆயா, உட்காருங்க" என்றார். எங்களைப் பார்த்துச் சொன்னதை அப்படியே குறித்திருக்கிறோம்: "நான் அப்படிப்பட்டவ இல்லைன்னு யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். அப்படிப்பட்டவளா இருந்திருந்தா சொல்லலாமா? நான் கேட்டது பந்தல் ரசீது."

கணவர் கேட்ட பரிகாரம் ஏன் பரிகாரமாகாது என்பது அந்த நிமிடம் விளங்கியது. 'அவள் அப்படியில்லை' என்று அறிவித்தால், 'அப்படி' என்ற தராசில் அவரை ஏற்றி நிறுத்துப் பார்த்து, தேறிவிட்டார் என்று சொல்வதாகும். தராசு அங்கேயே இருக்கும், அடுத்த பெண்ணுக்காக. ரசீது கேட்ட ஆணை எந்தத் தராசிலும் யாரும் ஏற்றுவதில்லை.

பிறகு ஆயா பேசத்தான் செய்தார், வேறு விஷயம். மண்டபத்துச் சுவரில் தில்லையாடி வள்ளியம்மையின் படம் உண்டு. அதைக் காட்டி, "அந்தப் பொண்ணு எதுக்கு ஜெயிலுக்குப் போச்சுன்னு இவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சியர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தார். அன்று இந்த நாட்டில் இருந்த தமிழ் மனைவியர் ஒரே நாளில் வைப்பாட்டிகள் ஆனார்கள், பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள். ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியோடு இந்த அவமானமும் சேர்ந்துதான் பெண்களைப் போராட்டத்துக்கு இழுத்து வந்தது. ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள், சிறை போனார்கள். வள்ளியம்மை சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வயது 16. 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் திருமணங்கள் செல்லுபடியாயின.

"வெள்ளைக்காரன் சொன்னப்ப ஜெயிலுக்குப் போனோம். நம்ம ஆளு சொன்னா கூழ் ஊத்திக்கிட்டு இருக்கணுமா?" என்றார் ஆயா. முன்னாள் தலைவர் தலை குனிந்ததை மூவரும் பார்த்தோம்.

எதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது

கேள்வி ஒன்றுதான். இது நான்காம் விதியில் வரும் இழிசொல்லா, ஐந்தாம் விதியில் வரும் பண்பற்ற பேச்சா?

வழக்கறிஞர் நாட்டுச் சட்டத்திலிருந்து தொடங்கினார். 2000ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வெறுப்புப் பேச்சைத் தடை செய்கிறது. ஆனால் 2021இல் க்வெலானே வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வரையறையைச் சுருக்கிவிட்டது. மனம் புண்படுவது மட்டும் போதாது, தீங்கும் வெறுப்பைப் பரப்புதலும் வேண்டும். சமையற்கூடத்தில் ஒருமுறை கத்திய சொல் அதற்குள் வராது. ஆனால் அதே சட்டத்தில் பாலினம் சார்ந்த துன்புறுத்தலும் தனியாக உண்டு. மானத்தைக் குலைக்கும் பேச்சுக்குப் பொதுக் குற்றச் சட்டத்திலும் இடம் உண்டு. ஆகவே 'நீதிமன்றம் இதை வெறுப்புப் பேச்சு என்னாது' என்பதைக் கொண்டு 'இது இழிசொல் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. அவருக்கு இருந்த தடை வேறு: நான்காம் விதியில் பாலினம் எழுதப்படவில்லை. எழுதாத விதியால் ஒருவரைத் தண்டிப்பது சரியா?

சொல்லின் பக்கத்தைப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இங்கேதான் அதிக நேரம் செலவிட்டோம்.

மொழி மெய்யியலில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. இழிசொல்லுக்கு ஒரு நடுநிலை இணைச்சொல் இருக்கும்: 'கூலி' என்பதை எடுத்துவிட்டு 'இந்தியர்' என்று வைத்தால் ஆள் மாறாது, அவமதிப்பு மட்டும் போகும். இந்த அளவுகோலில் 'முண்டை' உடனே இழிசொல் ஆகிவிடும். 'கைம்பெண்' என்று இணைச்சொல் இருக்கிறது. 'மலடி'யும் அப்படியே. 'தேவடியா'வுக்கு அப்படி எதுவும் இல்லை. 'பெண்' என்று வைத்தால் பொருந்தாது. பாலியல் தொழிலாளி என்று வைத்தாலும் பொருந்தாது. சொன்னவரே அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்கிறார். அப்படியானால் இது வெறும் வசைதானா?

என் முடிவு: அளவுகோல்தான் குறையுடையது. இணைச்சொல் இல்லாததற்குக் காரணம், அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கும் ஒரு கூட்டத்தைக் குறிப்பதில்லை. பெண் வரம்பு மீறினாள் என்று மற்றவர் கருதும் நொடியில் அவளை அந்தக் கூட்டத்தில் தள்ளுகிறது. வரம்பு எது என்பதைச் சொல்பவரே தீர்மானிக்கிறார். அன்று வரம்பு ஒரு ரசீது. எனவே 'ஒருத்தியைத்தான் சொன்னேன்' என்பது உண்மையில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் தன் வரம்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. வேலைக்கு வராமல் நின்ற அந்த இளம்பெண் இதைத்தான் சொன்னார்.

ஆணைத் திட்டும்போது என்ன ஆகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவு. 'தேவடியா மகன்' என்கிறோம். ஆணுக்கு எட்ட வேண்டிய அடிகூட அவன் தாயின் மேல் விழுந்துதான் போகிறது. அவள் அந்தச் சண்டையில் இருப்பதே இல்லை.

பிறகு, வரலாறு. 'தேவரடியார்' சோழர் கல்வெட்டுகளில் மதிப்புள்ள சொல். கோயிலுக்குக் கொடை கொடுத்த பெண்களை அந்தப் பெயரால் குறித்திருக்கிறார்கள். முதலாம் ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும் வீட்டெண்ணும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஆகவே இது நல்ல சொல்தானே என்று முன்னாள் தலைவரின் உறவினர் ஒருவர் வாதாடினார். 'கூலி'யும் நல்ல சொல்தான் என்று பதில் சொன்னேன். தமிழில் அதற்கு உழைப்புக்கான ஊதியம் என்று பொருள், அதில் எந்த இழிவும் இல்லை. 1885இல் டிரான்ஸ்வால் சட்டம் அதை ஓர் இனத்தின் பெயராக எழுதியது. 1893இல் வந்த காந்தியைக் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். சொல் எங்கே பிறந்தது என்பது எந்தச் சொல்லையும் காப்பாற்றாது. யார், யாரை, எதற்காக அடிக்கப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் அதில் ஒட்டியிருக்கிறது. தமிழில் புழங்கும் இரண்டு சொற்கள். ஒன்றின் வலி எங்கள் எல்லோருக்கும் தெரியும். மற்றதன் வலி எங்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். விதி எழுதியவர்கள் மறு பாதி. நேட்டால் ஒப்பந்தத்தில் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி என்பதையும் அந்த அமர்வில் சொன்னேன். வாதத்துக்கு அது தேவைப்படவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெண்களே சொல்லிக்கொள்வது பற்றி: உண்மை. சமையற்கூடத்தில் 'போடி முண்ட' என்று பாசத்தோடு சொல்லும் இரண்டு பாட்டிமார் இருக்கிறார்கள். டர்பன் இந்தியர்கள் தங்களுக்குள், இந்தியரைக் குறிக்கும் கொச்சைப் பெயரான 'சாரு' என்று சொல்லிக்கொள்வதுபோல. அதையே வெளியாள் ஒருவர் சொன்னால் கூட்டம் எழுந்து நிற்கும். உள்ளே புழங்குகிறது என்பதால் அடிக்க எடுத்தவருக்கு அனுமதி வந்துவிடாது.

முடிவும் காரணமும்

இருவருக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. இது நான்காம் விதிக்கு உட்பட்ட இழிசொல் என்று சமூகப் பணியாளரும் நானும் எழுதினோம். விதியின் முகப்பில் 'நாட்டின் அரசியல் சாசனச் சமத்துவப் பிரிவுக்கு உட்பட்டு' என்று இருந்தது. அந்தப் பிரிவு இனத்தை அடுத்து பாலினத்தைத்தான் சொல்கிறது. இதன் மேல் நின்றோம். நோக்கம் இல்லை என்ற வாதத்துக்கு, 2018இல் ஒரு சுரங்க நிறுவன வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதைத் துணைக்குக் கொண்டோம்: ஆஃப்ரிகான்ஸில் 'கறுப்பு மனிதன்' என்ற, பார்வைக்குச் சாதாரணமான சொற்களைக்கூட, விவரமறிந்த நியாயமான ஒருவர் அந்தச் சூழலில் எப்படிக் கேட்பார் என்று பார்க்க வேண்டும், சொன்னவர் மனம் மட்டும் அளவல்ல.

வழக்கறிஞர் மாற்றுக் கருத்து எழுதினார். சொல் இழிசொல்தான், ஆனால் விதியில் இல்லாத தண்டனை கூடாது. ஐந்தாம் விதிப்படி எச்சரித்துவிட்டு விதியைத் திருத்துங்கள் என்றார். அதையும் முழுதாக வெளியிட்டோம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். எங்கள் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

முன்னாள் தலைவருக்குக் குழுவிலிருந்து ஓராண்டு இடைநீக்கம். வழிபாட்டுக்குத் தடை இல்லை. மன்னிப்பு சமையற்கூடத்தில், கேட்டவர்கள் முன்னிலையில்.

பிறகு நடந்தவை

முதல் மன்னிப்பு வீண். "யாருக்காவது மனசு புண்பட்டிருந்தா" என்று ஆங்கிலத்தில் ஒரு தாளைப் படித்தார். பொருளாளர் ஏற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, அழைக்காமலே, ஒரு வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வந்து தமிழில் சொன்னார்: "கணக்கு கேட்டது உன் வேலை. அதுக்கு அந்த வார்த்தையைச் சொன்னேன். தப்பும்மா." அவர் 'சரிங்க தாத்தா' என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

இரண்டு குடும்பங்கள் கோயிலை விட்டுப் போயின. பொருளாளர் பொறுப்புக்குத் திரும்பவில்லை; கேட்டோம், மறுத்துவிட்டார். நின்ற இளம்பெண்களில் ஒருவர் வந்தார்.

விதியைத் திருத்தினோம்: நான்காம் விதியில் பாலினம் சேர்ந்தது. கூடவே தடைசெய்த சொற்களின் பட்டியல் ஒன்றையும் ஒட்டினோம். அது பிழை. ஒரு மாதத்துக்குள், பட்டியலில் இல்லாத 'ஓடுகாலி' ஒரு சண்டையில் வந்தது, சொன்னவர் பட்டியலைக் காட்டினார். அந்த ஆண்டே பட்டியலை நீக்கினோம். சொல்லைப் பார்ப்பதை விட்டு, ஒரு பெண் பேசிய விஷயத்தை விலக்கிவிட்டு அவள் ஒழுக்கத்தை, திருமணத்தை, பிள்ளைப்பேற்றை இழுத்தால் அது நான்காம் விதி என்று எழுதினோம். பாட்டிமாரின் 'போடி முண்ட'வைத் தொடவில்லை.

மறுபடி செய்தால்

ஆறு வாரத் தாமதம் இருந்திருக்கக் கூடாது. சமாதானத்துக்கு ஆள் அனுப்பும் முன் முறைப்பாட்டைப் பதிந்திருக்க வேண்டும். அனுப்பியவர்களில் ஒரு பெண்ணாவது இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளிடம் யாரும் பேசவில்லை. எங்கள் வீடுகளில் தமிழ் போய்விட்டது. தேவாரம், சாப்பாட்டுப் பெயர், உறவுமுறை, வசை, இவைதான் மிச்சம். அர்த்தம் கேட்ட பிள்ளைக்கு என் வகுப்பிலாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டுதான் சொன்னேன். தேவரடியார் கல்வெட்டையும் சேர்த்து.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நான்கு அமர்வுகள், பதினாறு சாட்சிகள், முப்பது பக்க அறிக்கை. ஒரு சொல்லைப் பற்றி அத்தனையும் பேசினோம். பந்தல் ரசீதை நாங்கள் கேட்கவே இல்லை. பொருளாளர் விசாரணையில் தன் வாயாலேயே அதை நினைவூட்டியும் கேட்கவில்லை.

அடுத்த ஆடியில் புதிய பொருளாளர், ஓர் ஆண், பந்தலுக்கு மூன்று இடத்தில் விலை எழுதி வாங்கி வரும்படி முதல் கூட்டத்திலேயே சொன்னார். ஒரு வாரத்தில் மூன்றும் வந்தன. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை போயிற்று.